தாடையை முன்னே நகர்த்தும் ஆபரேஷன்: தூக்க ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்கு

ராத்திரி ஒன்றரை மணிக்கு மொபைலில் ஸ்டாப்வாட்சைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் படுத்திருக்கும் மனுஷன் அடுத்த மூச்சை எப்போது விடுவார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். 18 விநாடி. 23 விநாடி. ஒருமுறை 31. அதுவரை தெருவுக்கே கேட்ட குறட்டை சட்டென்று நின்றுவிடும். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கும், ஆனால் காற்று போகாது. அப்புறம் கிணற்றில் மூழ்கி எழுந்தவர் மாதிரி ஓர் உறுமலோடு மூச்சு திரும்பும். அவருக்கு இது எதுவும் தெரியாது. காலையில் எழுந்து, "நல்லா தூங்கினேன், ஆனா தூங்கின மாதிரியே இல்லை" என்பார்.

என் வீட்டுக்காரருக்குச் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கும்போது ஊதுகுழாய் கையில் இருக்க, தலை தொங்கிவிடும். ஆள் ஒல்லி. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குறட்டை வியாதி குண்டாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்று நாங்களும் நினைத்திருந்தோம். ஏற்காட்டிலிருந்து பைக்கில் இறங்கும்போது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்போம், அவருடைய ஹெல்மெட் மெல்ல முன்னால் சாய்ந்தது. நான் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். அந்தக் குத்திலிருந்து ஆரம்பித்து அவருடைய இரண்டு தாடைகளையும் அறுத்து முன்னே நகர்த்திப் பொருத்தியது வரை ஏறக்குறைய இரண்டரை வருஷம். அதில் ஆபரேஷன் ஒரே ஒரு நாள்தான். மற்ற நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் வரிசையாகச் சொல்லவில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, பக்கத்தில் படுத்திருந்தவள்.

முதலில் ஒரு சின்ன விளக்கம்: தாடைக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?

நாக்கின் முக்கியமான தசை கீழ்த்தாடையின் உள்பக்கம், மோவாய்க்குப் பின்னால், எலும்பில் பிடித்திருக்கிறது. உள்நாக்கும் மெல்லிய அண்ணமும் மேல்தாடையின் பின்விளிம்பிலிருந்து தொங்குகின்றன. தாடை சிறியதாகவோ பின்னால் தள்ளியோ இருந்தால் இவையெல்லாம் தொண்டைப் பக்கம் நெருக்கிக்கொண்டு நிற்கும். விழித்திருக்கும்போது தசைகள் இறுக்கமாக இருப்பதால் வழி திறந்திருக்கிறது. தூக்கத்தில் அவை தளர்ந்ததும் வழி அடைபடுகிறது. ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை அரைகுறையாக விழித்து உடம்பை உசுப்புகிறது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. தூக்க மூச்சுத்திணறல் (ஸ்லீப் ஆப்னியா) என்பது இதுதான். ஆசியர்களில் அதிக எடை இல்லாமலே இது வருவதற்குத் தாடை அமைப்பு ஒரு முக்கியக் காரணம்.

பந்தல் துணி தொய்ந்து கிடந்தால் துணியை வெட்டுவதில்லை, கால்களை வெளியே நகர்த்திக் கட்டுகிறோம், துணி தானாக இறுகுகிறது. இந்த ஆபரேஷனின் யோசனை அதேதான். இரண்டு தாடைகளையும் முன்னே கொண்டுபோனால் நாக்கு, அண்ணம், தொண்டையின் பக்கச் சுவர் எல்லாம் சேர்ந்து இறுகும்.

படி 1: வீட்டிலேயே சாட்சி சேகரியுங்கள்

டாக்டரிடம் போய் "குறட்டை விடறார்" என்றால் அவருக்கு அதிலிருந்து பெரிதாக ஒன்றும் கிடைக்காது. இரண்டு நிமிட வீடியோ எடுத்துப் போங்கள். முகம் மட்டும் போதாது, நெஞ்சும் வயிறும் தெரிய வேண்டும். மூச்சு நிற்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 10 விநாடியும் அதற்கு மேலும் நின்றால்தான் மருத்துவக் கணக்கில் அது ஒரு நிறுத்தம். தையற்கடை டேப்பால் கழுத்தை அளந்துவிடுங்கள். 40 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அதுவும் ஒரு குறி. (எங்கள் வீட்டில் 36 தான். ஆக இதை மட்டும் நம்பி விட்டுவிடவும் கூடாது.)

பகல் தூக்கத்தை அளக்க எப்வொர்த் அளவுகோல் என்று எட்டுக் கேள்விகள் உண்டு. உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, சிக்னலில் வண்டி நிற்கும்போது என்று எட்டுச் சூழல்களில் கண்ணயரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டியது. சம்பந்தப்பட்டவர் தனியாகப் போட்டால் மதிப்பெண் குறைத்துத்தான் போடுவார். பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள்.

இந்தப் படியிலேயே இன்னொன்று: பரிசோதனை முடியும் வரை நீண்ட தூரம் வண்டி ஓட்ட விடாதீர்கள். சங்ககிரிப் பக்கம் லாரித் தொழிலில் இருக்கும் குடும்பங்களுக்கு இதைச் சொல்வது எளிது, செய்வது கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் தொப்பூர் இறக்கத்தில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு கண்ணயர்ந்துவிட்டால் அதற்குப் பரிகாரம் என்று ஒன்று கிடையாது.

படி 2: ஸ்லீப் ஸ்டடி

நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம், தனியாரிடமும் போகலாம். அவர் ஒரு ராத்திரித் தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுப்பார். தலையில் பசை வைத்து ஒட்டிய வயர்கள், மூக்கடியில் ஒரு மெல்லிய குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் ஆக்சிஜன் கிளிப், காலில் வேறு இரண்டு வயர். "இதையெல்லாம் மாட்டிக்கிட்டு எவன் தூங்குவான்?" என்று எல்லோரும் கேட்பார்கள், தூங்கியும் விடுவார்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகாதீர்கள், வயர் ஒட்டாது. வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவியும் உண்டு. ஆபரேஷன் வரை யோசிக்கிறவர்கள் முழுப் பரிசோதனையாகவே எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம்.

ரிப்போர்ட் பல பக்கம் இருக்கும். மூன்று விஷயத்தைத் தேடுங்கள். ஏ.எச்.ஐ. என்ற எண் முதலாவது: மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது கணிசமாகக் குறைந்தது என்ற கணக்கு. 5க்குக் கீழ் என்றால் பெரியவர்களுக்குச் சாதாரணம், 5 முதல் 15 லேசு, 15 முதல் 30 நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. எங்களுக்கு 46 வந்தது. இரண்டாவது, ஆக்சிஜன் எந்த அளவு வரை இறங்கியது என்பது. மூன்றாவதைப் பலரும் பார்ப்பதில்லை: அடைப்பால் நின்ற மூச்சு எத்தனை, மூளை கட்டளை அனுப்பாததால் நின்றது எத்தனை என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். இரண்டாவது வகைதான் பெரும்பாலும் என்றால் தாடையை எவ்வளவு நகர்த்தினாலும் பிரயோஜனம் இல்லை. மல்லாந்து படுக்கும்போது மட்டும் எண் ஏறுகிறதா, ஒருக்களித்தால் இறங்குகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு முதுகில் தலையணையைக் கட்டிக்கொண்டு படுப்பதே பாதி வைத்தியம்.

படி 3: சி-பேப் மெஷினுக்கு நியாயமான வாய்ப்பு

இந்த நோய்க்கு முதல் வைத்தியம் மெஷின்தான். 1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் கொண்டுவந்தது. மூக்கில் மாஸ்க் மாட்டி, காற்றழுத்தத்தால் தொண்டை மூடாமல் பிடித்துவைக்கும். ஒத்துப்போய்விட்டால் கத்தி வேண்டாம், தழும்பு வேண்டாம், நாளைக்கே பலன் தெரியும். உங்களுக்கு அது ஒத்துவருகிறது என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டுத் தூங்கப் போகலாம்.

ஒத்துவரவில்லை என்று சொல்வதற்கு முன் நிஜமாகவே முயன்றிருக்க வேண்டும். ராத்திரிக்கு 4 மணி நேரம், பத்து நாளில் ஏழு நாளாவது போட்டால்தான் "பயன்படுத்துகிறார்" என்று கணக்கு. மாஸ்க் பொருந்தவில்லை என்றால் வேறு அளவு, வேறு வகை கேளுங்கள். மூக்கு காய்ந்தால் ஈரப்பதப் பெட்டியைச் சேருங்கள். ஏப்ரல், மே சேலத்தில் கரண்ட் போனால் மாஸ்க்கைப் பிய்த்தெறிவார்கள். மெஷினை இன்வெர்ட்டர் பிளக்கில் போடுங்கள். மெஷினே எத்தனை மணி நேரம் ஓடியது என்று பதிவு வைக்கும். அந்தப் பதிவைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் சர்ஜனும் கேட்பார், இன்சூரன்ஸும் கேட்கும்.

எங்கள் வீட்டில் ஏழு மாதம், மூன்று மாஸ்க். காற்றை விழுங்கி வயிறு உப்பிக்கொள்ளும், தூக்கத்திலேயே கழற்றி வீசிவிடுவார். அப்புறம் பல் டாக்டர் செய்துகொடுத்த, கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் வாய்க் கருவி. 46 என்றிருந்தது 29 ஆனது. போதாது. ஆனால் அந்த இறக்கம் ஒரு துப்பு கொடுத்தது: தாடையை முன்னே கொண்டுபோனால் இவருக்குப் பலன் இருக்கிறது.

எடை கூடியவர்கள் எடையைக் குறைத்துப் பார்க்க வேண்டும். இந்தியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே அதிகம், 25ஐத் தாண்டினால் உடல்பருமன் என்று கணக்கு. ராத்திரி மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டையை இன்னும் தளர்த்தும். பெரிய டான்சில் இருந்தால் அதைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் தாண்டித்தான் தாடை.

படி 4: சரியான சர்ஜன்

இந்த ஆபரேஷனைச் செய்பவர் வாய், முகம், தாடை அறுவை சிகிச்சை நிபுணர். பல் மருத்துவம் படித்து அதில் எம்.டி.எஸ். முடித்தவர். கூடவே பல்சீரமைப்பு நிபுணர், மயக்க மருந்து நிபுணர், தூக்க மருத்துவர் என்று ஒரு குழு வேண்டும். சேலத்தில் விநாயகா மிஷன்ஸ் சங்கராச்சாரியார் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கெல்லாம் இந்தத் துறை உண்டு. நாங்கள் கடைசியில் கோயம்புத்தூரில் செய்துகொண்டோம்.

தாடை ஆபரேஷன் செய்பவர்கள் பலர். ஆனால் அதில் பெரும்பங்கு முக அழகுக்கும் பல் பொருத்தத்துக்கும் செய்வது. முதலில் பார்த்த ஒரு சர்ஜன், "நாலு மில்லிமீட்டர் நகர்த்தினா முகம் நல்லா வந்துடும்" என்றார். முகம் நன்றாகத்தான் இருக்கிறது, மூச்சுக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தோம். மூச்சுக்காகச் செய்யும்போது இரண்டு தாடையையும் சுமார் 10 மில்லிமீட்டர் வரை நகர்த்துவது வழக்கம். ஆகவே நேராகக் கேளுங்கள்: தூக்க மூச்சுத்திணறலுக்காக எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? ஆபரேஷனுக்குப் பிறகு அவர்களுக்கு மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுத்தீர்களா, எண் என்ன வந்தது? எனக்கு எத்தனை மில்லிமீட்டர், ஏன் அவ்வளவு? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிறவரிடம் தாடையைக் கொடுக்க வேண்டாம்.

சர்ஜன் பக்கவாட்டு எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுப்பார். சில இடங்களில், மருந்து கொடுத்துத் தூங்கவைத்து மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, எந்த இடத்தில் அடைக்கிறது என்று நேரில் பார்ப்பார்கள். எங்களுக்கு அந்த வீடியோவைக் காட்டினார்கள். ரோஜா நிறத்தில் ஒரு வாசல், நாக்கின் அடிப்பகுதி மெதுவாகப் பின்னால் சரிந்து அதை மூடுகிறது. டாக்டர் விரலால் தாடையை முன்னே இழுத்ததும் வாசல் திறக்கிறது. அதுவரை வேண்டாம் வேண்டாம் என்றிருந்த என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "சரி, பண்ணிடுங்க" என்றார்.

பலன் எவ்வளவு? 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், செய்துகொண்டவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு வெற்றி என்று வந்தது. இங்கே வெற்றி என்றால் எண் பாதிக்கு மேல் குறைந்து 20க்குக் கீழே வந்தது என்று அர்த்தம். 5க்குக் கீழே போய் முழுமையாகக் குணமானவர்கள் 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். முதல் எண்ணை மட்டும் சொல்பவர் விற்கிறார்.

பாதகங்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உணர்வு நரம்பு கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஓடுவதால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போவது மிகச் சாதாரணம். பலருக்கு மாதங்களில் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவே தங்கிவிடும். பல் கடி மாறலாம், தொற்று வரலாம், எலும்பை இறுக்க வைக்கும் தகட்டை எடுக்க வேண்டி வரலாம். மூக்கின் அடி கொஞ்சம் அகலும், முகம் மாறும். புகைபிடிக்கிறவர்கள் நிறுத்தியே ஆக வேண்டும், இல்லையென்றால் எலும்பு சரியாக ஒட்டாது.

படி 5: பணம், காகிதம்

இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் "இது அழகு சிகிச்சை" என்று ஒரே வரியில் மறுத்தது. அழகு சிகிச்சை விலக்கு எல்லாப் பாலிசியிலும் எக்ஸ்கிளூஷன் 08 என்ற எண்ணில் இருக்கும். ஆனால் உடலுக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கும் மருத்துவத் தேவை என்று சிகிச்சை தரும் டாக்டர் சான்று கொடுத்தால் அந்த விலக்கு பொருந்தாது என்று அதே பத்தியில் எழுதியிருக்கிறது. ஸ்லீப் ஸ்டடி, மெஷின் பதிவு, சி.டி., தூக்க மருத்துவரின் கடிதம், சர்ஜனின் கடிதம் எல்லாவற்றையும் வைத்து மறுபடி அனுப்பினோம். கடிதத்தில் குறட்டை என்ற சொல்லே வரக் கூடாது. நோயின் முழுப்பெயரும் ஏ.எச்.ஐ. எண்ணும் ஆக்சிஜன் இறக்கமும் வர வேண்டும். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு இப்போது அதிகபட்சம் 3 வருஷம். உங்கள் பாலிசி எந்த வருஷத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் அரசு மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டு மேசையில், சர்ஜன் எழுதிக்கொடுத்த சிகிச்சையின் பெயரைக் காட்டிக் கேளுங்கள். வாய்ப் பேச்சாகக் கேட்டால் வாய்ப் பேச்சாகத்தான் பதில் வரும்.

படி 6: கம்பி

தாடை நகர்ந்த பிறகு பற்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அதற்காகப் பலருக்கு முன்பே ஒரு வருஷம் போலப் பல்லுக்குக் கம்பி கட்டுவார்கள். முதலில் ஆபரேஷன், அப்புறம் கம்பி என்ற முறையும் உண்டு. கீழ்க் கடைவாயில் ஞானப்பல் புதைந்திருந்தால் ஆறு மாதம் முன்னாலேயே எடுத்துவிடச் சொல்வார்கள், எலும்பைப் பிளக்கும் இடம் அதுதான். நாற்பது வயதில் கம்பி போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனதில் பையன்கள் கொஞ்ச நாள் சிரித்தார்கள். அவ்வளவுதான்.

படி 7: போவதற்கு முன் வீட்டில்

வாங்கி வைக்க வேண்டியவை: சிறு குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ் இரண்டு, ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச் நாலைந்து, அதன் நுனியில் மாட்ட மெல்லிய ரப்பர் குழாய், நுண்ணிய வடிகட்டி, கெட்டியான தலையணைகள், உதட்டுக்கு வாசலின், ஒரு சிலேட்டு. மிக்ஸி ஜாருக்கு பிளேடு தீட்டிவிடுங்கள், அடுத்த ஆறு வாரம் அதுதான் உங்கள் வீட்டின் பல்.

பேச முடியாது, கூப்பிட முடியாது என்பதால் என்ன செய்வது என்று யோசித்தபோது அவரே பட்டறையிலிருந்து பத்துச் சலங்கையை நூலில் கோத்துக்கொண்டுவந்தார். அதைக் கையில் கட்டிக்கொண்டுதான் படுத்திருந்தார். ஒரு குலுக்கு என்றால் தண்ணீர். விடாமல் குலுக்கினால் ஓடி வா.

படி 8: அந்த நாள்

மயக்க மருந்து நிபுணரிடம் தூக்க மூச்சுத்திணறல் இருக்கிறது என்பதை நீங்களே இன்னொரு முறை சொல்லுங்கள். ஃபைலில் இருக்கும், இருந்தாலும் சொல்லுங்கள். மெஷினையும் எடுத்துப் போங்கள்.

வெட்டு எல்லாம் வாய்க்குள்ளேதான், சில சமயம் கன்னத்தில் ஒரு சின்னத் துளை. மேல்தாடையைப் பல் வேர்களுக்கு மேலே கிடைமட்டமாக அறுத்து முன்னே கொண்டுவருவார்கள். அந்தக் கோட்டின் பெயர் லெஃபோர்ட் 1. முக எலும்புகள் எந்தக் கோட்டில் உடைகின்றன என்று ஆராய்ந்து 1901இல் எழுதிய பிரெஞ்சு சர்ஜன் ரெனே லெஃபோர்ட்டின் பெயர் அது. கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் நெடுக்காகப் பிளப்பார்கள். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்து ஒன்றை மட்டும் முன்னே தள்ளிப் பாருங்கள்: நகர்ந்த பிறகும் கை கையோடு ஒட்டித்தான் இருக்கும். எலும்பும் அப்படி ஒட்டி நிற்பதால்தான் கூடுகிறது. டைட்டானியம் தகடும் திருகும் வைத்து இறுக்குவார்கள். ஐந்தாறு மணி நேரம் ஆகலாம். முதல் ராத்திரி தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருப்பார்கள்.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள் முகத்தைப் பார்த்தால் பயந்துவிடுவீர்கள். வீக்கம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். உறவுக்காரர்களை அந்த நாட்களில் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கள் மகள் வீடியோ காலில் பார்த்துவிட்டு, "இது அப்பா இல்லை" என்று போனைக் கவிழ்த்துவிட்டாள்.

படி 9: சாப்பாடு

எல்லோரும் ஆபரேஷனுக்குப் பயப்படுகிறார்கள். உண்மையான வேலை சமையலறையில்.

முதல் நாட்களில் நீராகாரம் மட்டும், சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தின் ஓரமாக மெதுவாக விட வேண்டும். உறிஞ்சக் கூடாது, அதனால் ஸ்ட்ரா வேண்டாம் என்று எங்கள் சர்ஜன் சொல்லியிருந்தார். கம்பியில் ரப்பர் வளையங்கள் மாட்டியிருப்பதால் வாய் ஒரு விரல் கூடத் திறக்காது. ஒரு டம்ளர் உள்ளே போக முக்கால் மணி நேரம். நாளைக்கு எட்டு வேளை. அந்த வாரங்களில் எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசி வீட்டுச் சரக்கு, அதனால் கஞ்சி காய்ச்சினேன். முதல் நாள் கெட்டியாகிவிட்டது. ஆறினதும் பசை மாதிரி ரப்பர் குழாயை அடைத்துக்கொண்டது. ஜவ்வரிசியை முதலில் வறுத்துப் பொடித்து, ஒரு ஸ்பூனுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்து, பால் சேர்த்து, வடிகட்டி, வெதுவெதுப்பாகக் கொடுத்தால் சரியாகப் போகிறது. ஆனால் அதில் மாவுச்சத்து மட்டும்தான், எலும்பு ஒட்டுவதற்குப் புரதம் வேண்டும். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து அரைத்து வடித்த தண்ணீர், வடிகட்டிய கோழி சூப், கெட்டி மோர், டாக்டர் எழுதிக்கொடுத்த புரதப் பொடி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். மல்கோவா சீசன் என்பதால் மாம்பழச் சாறு நார் இல்லாமல் வடித்து. அதற்கு மட்டும் சலங்கை தானாகக் குலுங்கும்.

தாளிக்காதீர்கள். ஐந்தாம் நாள் வாசனைக்காக ரசத்தில் கடுகு தாளித்து, வடிகட்டியதாக நினைத்துக் கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு கடுகு. அது தையலுக்கும் கம்பிக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. டார்ச் அடித்து, உப்புத் தண்ணீரைச் சிரிஞ்சில் பீச்சி, அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தது. சீரகமும் அப்படித்தான், மிளகுத்தூளும் கரகரப்பாக இருந்தால் அப்படித்தான். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், டாக்டர் சொன்ன மவுத்வாஷ், குழந்தை பிரஷ்.

அப்புறம் குழைத்த இட்லி, தயிர் சாதம், மசித்த வாழைப்பழம் என்று ஏறும். ஆறு வாரம் போல மெல்லாத உணவுதான். எடை இறங்கும்; வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதுங்கள். தட்டுவடை செட்டை அவர் மறுபடி தொட்டது ஐந்தாவது மாதத்தில்.

படி 10: வீட்டில் கவனம்

தலையை உயர்த்தியே படுக்க வேண்டும். சர்ஜன் சொல்லும் வரை மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாய் வழியாக விட வேண்டும். மேல்தாடையை அறுத்த இடம் சைனஸை ஒட்டியது. சின்ன கத்தரிக்கோல் ஒன்று எப்போதும் தலைமாட்டில் தொங்கட்டும், வாந்தி வந்தால் ரப்பர் வளையத்தை வெட்டிவிட. எதை வெட்டுவது என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே நர்ஸிடம் கேட்டு ஒருமுறை தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூச்சு வாங்குவது, நிற்காத ரத்தம், காய்ச்சல், திடீரென்று பல் கடி மாறியது போல் தோன்றுவது: இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். மூச்சு என்றால் 108. வலி மாத்திரையோடு தூக்க மாத்திரையைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

படி 11: மறுபடி ஸ்லீப் ஸ்டடி

குறட்டை நின்றுவிட்டது என்று கொண்டாடி இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சத்தம் இல்லாமலும் மூச்சு நிற்கலாம். வீக்கமெல்லாம் வடிந்து, ஆறு மாதம் வாக்கில் மறுபடி ஒரு ராத்திரி வயர்களோடு படுத்துத்தான் ஆக வேண்டும். எங்களுக்கு 46 போய் 7 வந்தது. ஐந்துக்குக் கீழே வரவில்லையே என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள், மெஷின் வேண்டாம் என்றார்கள். உங்களுக்கு எண் அதிகமாக நின்றால் மெஷினையே குறைந்த அழுத்தத்தில் தொடர வேண்டியிருக்கலாம். பின்னாளில் எடை ஏறினால் எண்ணும் ஏறும், ஆகவே பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

முதல் சில மாதம் ராத்திரி வீடு அமைதியாக இருந்தது எனக்குப் பழகவில்லை. விழித்துக்கொண்டு மூக்கடியில் கையை வைத்துப் பார்ப்பேன். ஏற்காட்டுக்கு மறுபடி போனோம். இறங்கும்போது பின்னால் உட்கார்ந்து வளைவுப் பலகைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். அவர் பேசிக்கொண்டே வந்தார்.

கீழுதட்டின் இடது ஓரத்தில் மட்டும் இன்னும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உணர்வு இல்லை. சாப்பிடும்போது அங்கே சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் தெரியாது. நான் என் மோவாயைத் தொட்டுக் காட்டுவேன், துடைத்துக்கொள்வார்.